கையின் பிறப்பியல்

தொல்காப்பியர் எழுத்தின் பிறப்பைச் சொல்ல வந்தபோது வாயைப் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை. உந்தியில் தோன்றும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் தொழிற்படுவதால் வேறுவேறு எழுத்தாக வெளிப்படும் முறையைப் பிறப்பியல் என்னும் தனி இயலில் வகுத்துரைத்தார். நா எங்கே பொருந்த வேண்டும், இதழ் எப்போது குவிய வேண்டும் என்பவற்றை அத்துணை நுணுக்கமாகக் கண்ட அவ்வாசிரியர் வரிவடிவத்தைப் பற்றிக் கூறியவை மிகச் சில. மெய்க்குப் புள்ளி உண்டு. எகர ஒகரக் குறில்களுக்கும் உண்டு. மகரக்குறுக்கத்துக்கு உள்ளே ஒரு புள்ளி. பின்வந்த நன்னூலாரும் எழுத்துகள் பழைய வடிவினவே என்று கூறிப் புள்ளியளவில் நின்றுவிட்டார். அகரத்தை எங்கே தொடங்குவது, எத்திசையில் வளைப்பது, எங்கே கையை எடுப்பது என்று நம் இலக்கண நூல்களில் தேடுவோர்க்கு விடை கிடைக்காது.

இதனை அவர்கள்பால் குறையாகக் கூறவில்லை. அவர்களுக்கு எழுத்து என்பது முதலில் ஒலி. வரிவடிவம் அதன் நிழல். நிழலுக்கு இலக்கணம் எழுதுவார் இல்லை.

சீனர் செய்தது இதற்கு நேர்மாறு. பீகிங்கில் ஒருவன் ஓர் எழுத்தைப் படிக்கும் ஒலி வேறு. கான்டன் நகரத்தான் அதே எழுத்தைப் படிக்கும் ஒலி வேறு. ஜப்பானியன் படிப்பது முற்றிலும் வேறு. மூவருக்கும் பொதுவாய் நிற்பது ஒலியன்று, வடிவம். எனவே அவர்களுடைய எழுத்திலக்கணத்தின் பெரும்பகுதி வாயை விட்டுக் கைக்கு வந்து சேர்ந்தது. எந்தக் கோட்டை முதலில் இடுவது, எதனை அடுத்து இடுவது என்பது அவர்கள் நாட்டில் எழுத்துக் கற்பதன் முதற்பாடம். அதனைக் கையின் பிறப்பியல் என்று அழைத்தால் பொருந்தும்.

இந்த ஒப்புமை என் மனத்தில் எழுந்ததற்கு நாம் வாழும் ஊரே காரணம். இந்தியாவில் ஜப்பானிய மொழி கற்போர் மிகுந்த நகரங்களுள் புனேயும் ஒன்று. கேம்பிலும் கட்கியிலும் தேகு ரோடிலும் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர், பொறியியல் முடித்த கையோடு, வேலை வாய்ப்புக் கருதி அம்மொழியைப் பயில்கின்றனர். சீனத்திலிருந்து ஜப்பான் கடன் வாங்கிய எழுத்துகளுக்குக் கான்ஜி என்று பெயர். (நம் வீட்டுக் கஞ்சியோடு அதற்கு உறவில்லை, ஆயினும் அதனை அறிந்தவனுக்குக் கஞ்சி நிச்சயம் என்று வேடிக்கையாகச் சொல்வோர் உண்டு.) கட்டம் போட்ட குறிப்பேட்டில் அவ்வெழுத்துகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்ட வரிசைப்படி இரவெல்லாம் எழுதிப் பழகுகிறான் இளைஞன். அவனிடம் அவன் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னால், எழுதுவதில்லை, வரைகிறான். வலப்பக்கத்திலிருந்து தொடங்குகிறான், கீழிருந்து மேலே போகிறான், சுழியைத் தனியே போட்டு உடலைத் தனியே ஒட்டுகிறான். அன்னிய மொழியின் எழுத்து அவன் கையில் நடக்கிறது. தாய்மொழியின் எழுத்து படமாய்க் கிடக்கிறது. இதற்கு அவன் அன்பின்மையைக் காரணம் காட்டி நம் மேடைகளில் வருந்துவது வழக்கம். அன்பின்மை காரணமன்று என்பதே என் கருத்து.

சீனர் கூறும் முறையைச் சற்று விரித்துக் காண்போம். மேலிருப்பதை முதலில் எழுதுக, கீழிருப்பதைப் பின்னர். இடப்பக்கத்ததை முதலில், வலப்பக்கத்ததைப் பின்னர். கிடைக்கோடும் நெடுங்கோடும் ஒன்றையொன்று வெட்டுமிடத்துக் கிடைக்கோடு முந்தும். பத்து என்னும் எண்ணைக் குறிக்கும் எழுத்து கூட்டல் குறி போன்றது. அதில் கிடைக்கோடு முதல், நெடுங்கோடு இரண்டாவது. மனிதனைக் குறிக்கும் எழுத்துக்கு இரண்டே கோடுகள், இரண்டு கால்களைப் போல; இடக்காலை முதலில் சாய்த்து வலக்காலைப் பின்னர் ஊன்ற வேண்டும். சிறுமை என்னும் எழுத்தில் மட்டும் நடுக்கோடு முந்திக்கொள்ளும். இடமும் வலமும் அதற்குத் துணையாகப் பின்னர் வரும். நான்கு புறமும் அடைத்த எழுத்துகளும் உள. நாடு என்பது அவற்றுள் ஒன்று. அதற்கு இடப்பக்கச் சுவரையும் மேற்கூரையோடு வலப்பக்கச் சுவரையும் எழுப்பி, உள்ளிருப்பதை எழுதி, அடிக்கோட்டை இறுதியில் இட வேண்டும். ஆட்கள் உள்ளே நுழைந்த பிறகு கதவைச் சாத்து என்று அங்குள்ள ஆசிரியர் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பர். இவ்வளவு எளிய உவமையைப் பெற்ற குழந்தை அவ்வெழுத்தை ஒருநாளும் மறவாது.

இருபது கோடுகள் உள்ள எழுத்தை ஒரு படமாக நினைவில் வைத்தல் அரிது. ஒரு நடையாக நினைவில் வைத்தல் எளிது. வீட்டிலிருந்து அலுவலகம் வரையுள்ள கடைகளின் பெயரையெல்லாம் நம்மால் சொல்ல முடியாது. ஆனால் கால் தானே போய்ச் சேர்கிறது அல்லவா? சீனர் ஒருவர்க்கு ஓர் எழுத்து மறந்துவிட்டால் உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்ப்பார். கண் மறந்ததைக் கை நினைவுகூரும்.

வரிசையின் ஆட்சி அங்கே பள்ளியோடு முடிவதில்லை. பெயர்ப்பட்டியலைக் கோடுகளின் எண்ணிக்கைப்படி அடுக்குவது சீன வழக்கம். 2008ஆம் ஆண்டு பீகிங்கில் நடந்த ஒலிம்பிக் தொடக்க விழாவில், முறைப்படி கிரேக்க நாடு முதலில் வந்தபின், இரண்டாவதாக அணிவகுத்தது ஆப்பிரிக்காவின் சிறு நாடான கினி. அதன் சீனப் பெயரின் முதலெழுத்துக்கு இரண்டே கோடுகள். பணிமூப்புப் பட்டியலை ஆண்டுதோறும் அடுக்கிக் கைசலித்த என்னைப் போன்ற எழுத்தர்க்கு, இப்படியும் ஒரு வரிசை உண்டா என்று வியப்புத் தோன்றுகிறது.

இலக்கியத் திறனாய்வும் இந்த வரிசையைத் தன் உறுப்பாகக் கொண்டது. கி.பி. 353இல் வாங் சீச்சி என்பார், நண்பர்களோடு நீரோடைக் கரையில் கூடிக் கவிதை பாடிய நிகழ்ச்சிக்கு ஒரு முன்னுரை எழுதினார். அதன் முதலெழுத்து யோங். நிலைபேறு என்பது அதன் பொருள். சீன எழுத்தில் வரும் அடிப்படை இயக்கங்கள் எட்டும் அந்த ஓரெழுத்தில் அடங்கியிருப்பதாகக் கொண்டு, அதனையே பயிற்சிக்குரிய எழுத்தாக்கினர். எட்டு இயக்கங்களுக்கும் அவர்கள் இட்ட பெயர்களைப் பாருங்கள்: கடிவாளத்தை இழுத்தல், துள்ளல், சாட்டை வீசல், பறவை கொத்தல். வடிவப் பெயராக இவற்றுள் எதுவும் இல்லை, எல்லாம் தொழிற்பெயர். அம்முன்னுரையில் ஒரே எழுத்து ஏறத்தாழ 20 இடங்களில் வருகிறது. ஒவ்வோரிடத்தும் வெவ்வேறு நடையில் வருகிறது என்று போற்றுவர். மூலப்படி இன்று இல்லை. பின்னோர் மேல்தாளிட்டு வரைந்த படிகளே உள்ளன. அப்படிகளை மதிப்பிடும் திறனாய்வாளர், வடிவம் ஒத்திருக்கிறதா என்பதோடு நில்லாது, தூரிகை நடந்த நடை தெரிகிறதா என்றும் ஆராய்கின்றனர். ஒரு கவிதையின் சீரும் தளையும் போல, கோட்டின் முன்பின் அவர்களுக்குச் சுவைக்குரிய பொருள்.

தமிழும் சீனமும் ஒரே கல்லில் நின்ற இடமும் ஒன்றுண்டு. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் காலிக் கல்வெட்டு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கைக்குக் கொணர்ந்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட அது இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் முன் நிற்கும் சீனச் சிறுவன் அக்கால எழுத்தையும் விரலால் வரிசை பிசகாமல் தடவிச் செல்ல இயலும். பக்கத்திலுள்ள தமிழ்ப் பகுதியின் முன் நிற்கும் நம் பிள்ளைக்கு விரலை எங்கே வைப்பதென்றே தெரியாது.

அவ்வாறாயின் தமிழரிடம் இந்த அறிவே இல்லையா? இருந்தது, அதுவும் அழகாக இருந்தது. உயிர்மெய்க் குறிகளுக்கு நம் பள்ளிகளில் வழங்கிய பெயர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, மேல்விலங்கு, கீழ்விலங்கு ஆகியவை வடிவத்தால் வந்த பெயர்கள். இவற்றோடு நில்லாமல், சுகரத்திலும் புகரத்திலும் வருவது இறங்குகீற்று. துகரத்திலும் நுகரத்திலும் வருவது மடக்கு ஏறுகீற்று. கூகாரத்தில் வருவது பின்வளைகீற்று என்றும் பெயரிட்டனர். கீற்று என்பது சீனர் கூறும் கோட்டுக்கு நிகரான தமிழ்ச்சொல். இறங்கு, ஏறு, வளை, மடக்கு என்னும் அடைகளோ, கையின் செலவைக் குறிப்பவை. இறங்குகீற்று என்பதற்கு இறங்கிய கீற்று, இறங்குகின்ற கீற்று, இறங்கும் கீற்று என முக்காலமும் விரியும்; அதாவது இது வினைத்தொகை. எழுதி முடித்த கோட்டுக்கு வினைத்தொகையால் பெயரிட்ட நம் முன்னோர், அதனை ஓய்ந்த கோடாகக் கருதவில்லை. இன்னும் இறங்கிக்கொண்டிருப்பதாகவே கண்டனர். சாட்டை வீசல், கொத்தல் என்று சீனர் சொன்னதற்கு இது எவ்வகையில் தாழ்ந்தது? இன்றைய அரிச்சுவடிகளில் இப்பெயர்கள் அச்சிடப்படுகின்றன. ஆனால் ஒரு பட்டியலாக, தேர்வில் கேட்கக்கூடிய ஒன்றாக, கைக்கும் அதற்கும் தொடர்பற்ற ஒன்றாக.

பெயர் நூலில் ஏறியது. முறை நூலில் ஏறவில்லை. முறை ஆசிரியரின் கையில் இருந்தது. திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி, சிறுவனின் சுட்டுவிரலைத் தம் விரலோடு சேர்த்துப் பிடித்து ஆசிரியர் எழுதுவித்தார். வாய் எழுத்தைச் சொல்ல, விரல் அதனை எழுதியது. எங்கே தொடங்குவது என்று ஒருவரும் விளக்கத் தேவையில்லை. விரல் அங்கேதான் கொண்டுபோய் வைக்கப்பட்டது. சென்னையில் படைவீரர் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதனைப் புகுத்தி, 1797இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். மணலும் சட்டாம்பிள்ளை முறையும் இங்கிலாந்து வரை சென்றன. ஆனால் தமிழெழுத்தின் கீற்று வரிசையை ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று இங்கிருந்தோர்க்கும் தோன்றவில்லை, அங்கிருந்தோர்க்கும் தோன்றவில்லை. ஊரெங்கும் கிணறு இருக்கையில் தண்ணீர் இறைக்கும் முறையை யார் எழுதுவார்?

புலம்பெயர்ந்த நம் நிலை வேறு. கிணறு ஊரிலே நின்றுவிட்டது. வாளி மட்டும் நம்மோடு வந்தது. அச்சிட்ட அரிச்சுவடியே அந்த வாளி. அச்செழுத்து எப்பக்கத்திலும் ஒரே கருமையாய், தொடக்கமும் முடிவும் அற்றதாய் நிற்கிறது. அண்மைக்கால நூல்கள் சிலவற்றில் புள்ளிக்கோடும் அம்புக்குறியும் காணப்படுகின்றன என்பது உண்மையே. ஆயினும் நான் புரட்டிய நூல்களில், ஒன்றின் அம்பு இடப்பக்கம் நோக்கினால் மற்றொன்றின் அம்பு வலப்பக்கம் நோக்குகிறது. எதற்காக இப்படித் தொடங்க வேண்டும் என்று எந்நூலும் வாய் திறப்பதில்லை. மேலிருந்து கீழே என்று சீனர் சொன்னதைப் போல நான்கு பொதுவிதிகளாவது கூறக்கூடாதா? எழுத்துக்கு எழுத்து ஓர் அம்பு போட்டால் குழந்தை 247 அம்புகளைச் சுமக்க வேண்டும். விதி நான்கு இருந்தால் நான்கையே சுமக்கும்.

புனேயில் வளரும் பிள்ளைக்கு இன்னும் ஓர் இடர் உண்டு. அவன் பள்ளியில் முதலில் பழகுவது மராத்தியின் பாலபோத எழுத்து. அதில் சொல்லின் எழுத்துகளையெல்லாம் எழுதி முடித்த பிறகு, தலைமேல் நீளக்கோடு இழுப்பது வழக்கம். அந்தக் கை தமிழுக்கு வரும்போது க, ச, த ஆகியவற்றின் தலைக்கோட்டையும் நிறுத்தி வைத்து, சொல் முடிந்ததும் இழுக்கிறது. கதவு என்று எழுதச் சொன்னால், ககரத்துக்கும் தகரத்துக்கும் போட்ட கூரையை வகரத்தின் தலைவரை நீட்டிவிடுகிற குழந்தைகள் நம் வட்டாரத்தில் உண்டு. கண்டு நகைப்போரும் உண்டு. நகைக்க என்ன இருக்கிறது? அவன் கை ஒரு வரிசையை ஒழுங்காகக் கற்றிருக்கிறது. நாம் கற்பிக்காத வெற்றிடத்தை அது நிரப்புகிறது, அவ்வளவே.

எழுத்து எப்படியோ உருவானால் போதாதா, அச்சுப் புத்தகம் படிக்கத் தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு, கையெழுத்தைப் படிப்பது என்னும் ஒன்றைச் சான்றாகக் காட்டுவேன். விரைந்து எழுதும் கை, கீற்றுக்கும் கீற்றுக்கும் இடையே முழுதும் எழும்பாது. ஒரு கீற்றின் முடிவிலிருந்து அடுத்ததன் தொடக்கத்துக்கு ஒரு மெல்லிய இழை விட்டுச் செல்லும். சீனத்தின் விரைவெழுத்தில் எழுத்தின் பாதி உருவம் மறைந்து இழைகளே மிஞ்சும். வரிசை அறிந்தவன் இழையைப் பிடித்து எழுத்தை மீட்பான். அறியாதவனுக்கு அது நூற்கண்டு சிக்கியது போலத் தோன்றும்.

தமிழிலும் இதுவே நிலை. என் தாயார் ஊரிலிருந்து எழுதிய இன்லண்ட் கடிதங்கள் ஒரு கட்டு என்னிடம் உள்ளன. அவற்றில் மெய்யின் புள்ளி தனியே நிற்பதில்லை. முன்னெழுத்தின் வாலோடு சேர்ந்து ஒரு கொக்கியாகிவிடும். துணைக்கால் அடுத்த எழுத்தின் தலையைத் தொட்டு நிற்கும். ரகரம் எது, கால் எது என்று பிரித்தறிய இடத்தைக்கொண்டுதான் முடியும். எனக்கு அக்கடிதங்கள் பேச்சைப் போலத் தெளிவானவை. தமிழ்ச் செய்தித்தாளைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் என் மகளோ, அவற்றில் ஒரு வரியையும் படிக்க மாட்டாள். ‘இது தமிழா, அப்பா?’ என்று கேட்டாள். அவள் அறிந்த தமிழெழுத்து அச்சில் நின்ற எழுத்து. பாட்டியின் எழுத்து ஓடிக்கொண்டிருப்பது. பேத்திக்கென்றே எழுதிய வரிகளும் அவற்றுள் உண்டு. அவற்றைப் படிக்க அவளுக்கு நான் தேவைப்படுகிறேன். எனக்குப் பின் அவளுக்கு யார் படித்துக்காட்டுவார்?

இது மிகைப்பட்ட கவலை என்று எண்ணுவோர் இந்நகரத்தின் வரலாற்றையே நோக்கலாம். மராத்தியருக்குப் பாலபோதத்தோடு மோடி என்றோர் எழுத்தும் இருந்தது. பேஷ்வாக்களின் அலுவல் முழுவதும் அதில் நடந்தது. பாலபோதத்தில் கடைசியாக வரும் தலைக்கோடு மோடியில் முதலாவதாக வரும். தாளின் குறுக்கே கோட்டை முன்னதாக இழுத்துவிட்டு, அதிலிருந்து எழுத்துகள் தொங்குமாறு, கையைக் கூடியவரை எடுக்காமல் எழுதிச் செல்வர். அன்றைய எழுத்தரின் விரைவுக்கு ஏற்ற முறை அது. என் தொழிலினர் கண்ட முறை என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிறு பெருமையும் உண்டு. அச்சு பாலபோதத்தைத் தழுவியது. பள்ளியும் அதனைத் தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மோடி வழக்கொழிந்தது. இன்று புனேயின் பேஷ்வே தப்தரில் ஆயிரக்கணக்கான மூட்டைகளில் மோடி ஆவணங்கள் கிடக்கின்றன. மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர், அதில் பட்டம் பெற்றவர், அந்தத் தாள்களை எடுத்தால் ஒரு சொல்லும் புரியாது விழிக்கிறார். படிப்பதற்கென்று தனியே பயின்ற சிலரே கைகொடுக்கின்றனர். நம் தஞ்சையிலும் மராத்திய மன்னர்கள் விட்டுச் சென்ற மோடி ஆவணங்கள் சரசுவதி மகாலில் உள்ளன. அவற்றுள் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிடத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிஞர்களை அமர்த்த வேண்டியிருந்தது. மொழி சாகவில்லை, எழுதும் கை மட்டும் ஒரு தலைமுறை இடைமுறிந்தது. அதற்கே இந்த விளைவு.

எழுத்துச் சீர்திருத்தத்தையும் இந்நோக்கில் மதிப்பிட வேண்டும். பெரியார் 1935இல் குடி அரசு இதழில் கையாண்ட வடிவங்களுள் 13 எழுத்துகளைத் தமிழக அரசு 1978இல் ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா ஆகியவற்றின் பழைய வடிவில் எழுத்தின் வாலையே கீழே சுழித்து நெடிலாக்கினர். லை, னை முதலியவற்றில் யானையின் துதிக்கை போன்ற வளைவு எழுத்தோடு பிணைந்து நின்றது. அச்சுக்கோப்பவர்க்கு இவை தனித்தனி அச்சாகி இடர் தந்தன. கற்கும் குழந்தைக்கும் விதிவிலக்காகி இடர் தந்தன. அவற்றை நீக்கியது நல்லது என்றே நானும் கருதுகிறேன். ஆயினும் அன்று நடந்த விவாதங்களில் அச்சகமும் தட்டச்சுப்பொறியும் பேசிய அளவு கை பேசவில்லை. பழைய வடிவங்கள் கையை எடுக்காமல் எழுதும் பழக்கத்தில் பிறந்தவை என்பதையும், புதிய வடிவத்தில் ஒருமுறை கூடுதலாகக் கை எழும்புகிறது என்பதையும் எடுத்துச் சொன்னோர் அரியர். சீனத்தில் 1956இல் வந்த சீர்திருத்தத்தின் போக்கு வேறு. வண்டி என்னும் எழுத்து ஏழு கீற்றிலிருந்து நான்காயிற்று. நூல் என்னும் எழுத்து பத்திலிருந்து நான்காயிற்று. இவ்வடிவங்கள் பழங்காலம் முதல் மக்கள் விரைந்து எழுதிய கையெழுத்திலிருந்து எடுத்தவை. அங்கே கை அச்சுக்குக் கற்பித்தது. இங்கே அச்சு கைக்குக் கட்டளையிட்டது.

இன்று அச்சுக்கும் அப்பால் வந்துவிட்டோம். ஊரில் தமிழ்த் தட்டச்சு இளநிலைத் தேர்வுக்குப் பயின்றபோது, கொடி என்று அடிக்க முதலில் கொம்பு, பின்னர் ககரம், பின்னர் கால் என்றே அடித்தோம். எழுதும் கையின் வரிசையைப் பொறி அப்படியே காத்தது. 1999இல் வந்த தமிழ்99 விசைப்பலகையில் ககரத்தை அடித்து ஒகரத்தை அடித்தால் போதும்; கொம்பும் காலும் தாமே இருபுறமும் வந்து அமர்ந்துகொள்ளும். ஒலியின் வரிசை அது. தொல்காப்பியர் கண்டால் மகிழ்வார். விரைவும் மிகுதி. அலுவலகத்தில் கோப்புகள் திரைக்குள் புகுந்துவிட்ட நாளில், பேனா எடுப்பதே அரிதாகிவிட்ட எனக்கு அதன் பயன் தெரியும். ஆனால் கொம்பு ககரத்துக்கு முன்னே நிற்பது ஏன் என்று அந்த விசைப்பலகை குழந்தைக்குச் சொல்லித்தராது. கையால் எழுதியவனுக்கு அது கேள்வியே அன்று.

இவ்வளவும் சொன்னதால் சீனரைப் போல் நாமும் கட்டளை பிறப்பிக்க வேண்டும் என்று நான் வாதிடுவதாக எண்ணிவிடலாகாது. சீன அரசு 2020இல் வெளியிட்ட நெறிமுறை 8105 எழுத்துகளுக்கும் ஒவ்வொரு கீற்றையும் எண்ணிட்டு வகுத்துள்ளது. ஒரு கோட்டை முன்பின் மாற்றினால் மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர்களும் அங்கு உண்டு. அது என் மனத்துக்கு ஒப்பவில்லை. அண்டை நாடே அதற்கு மறுப்பாக நிற்கிறது. வயல் என்னும் எழுத்து நான்கு கட்டமிட்ட சதுரம். அதன் உள்ளே சீனர் கிடைக்கோட்டை முதலில் இடுவர், ஜப்பானியர் நெடுங்கோட்டை முதலில் இடுவர். இருவர் வயலிலும் நெல் விளைகிறது. ஜப்பானியக் கல்வி அமைச்சகம் 1958இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், பள்ளிக்கென ஒரு வரிசையைக் கூறிவிட்டு, இதில் சொல்லாத பிற வரிசைகளைப் பிழையென்று கொள்வதற்கில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. அந்த மனப்பாங்கு நமக்கு ஏற்றது. இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையும் நம் வகுப்பில் இருக்கக்கூடும். வலக்கையருக்கு வகுத்த முறை அதன் கையைத் திருகலாகாது.

சங்கங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புகளுக்கு முன்னே உள்ள வேலை, கட்டளையிடுவதற்கும் முந்திய வேலை. நான் கண்ட ஒரு வகுப்பில் கற்பிப்போர் மூவர். ஒருவர் நெல்லைச் சீமையினர், ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம், ஒருவர் வேலூர். மூவரும் இகரம் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் உட்சுழியில் தொடங்கி வெளியே வளைத்துக் கொண்டுவந்து நடுக்கோட்டை இறுதியில் இறக்குகிறார். ஒருவர் நடுக்கோட்டை முன்னதாக நாட்டிவிட்டு அதனைச் சுற்றி வருகிறார். மற்றவர் கையே எடுப்பதில்லை. மூவர் எழுத்தும் அழகுதான். ஒருவர் எழுதும் முறையை மற்ற இருவரும் இதுவரை நின்று பார்த்ததில்லை. குழந்தைகள் மட்டுமே மூன்றையும் பார்த்துக் குழம்பி நிற்கின்றனர். பொங்கல் விடுமுறைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, மூவரும் ஒரே கரும்பலகையில் அகரம் தொடங்கி னகரம் வரை எழுதிக் காட்டட்டும். ஒருவர் அருகிலிருந்து ஒவ்வொரு கீற்றுக்கும் எண்ணிட்டுக் குறித்துக்கொள்ளட்டும். முரண்படும் எழுத்துகள் பத்துக்கு மேல் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.